முதலில் குடியேறுவது யார்?
குறைமாதக் குழந்தையின் குடலும் புரோபயாடிக் சொட்டும்

ஆயக்குடியில் ஒரு பெண்ணுக்கு முப்பதாவது வாரத்திலேயே வலி கண்டுவிட்டால், 108 வண்டி அருகிலிருக்கும் பழனிக்கு விரையும். குழந்தையின் எடையையும் மூச்சையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அதையும் தாண்டி மதுரைக்கோ அனுப்ப வேண்டி வரலாம். ஒன்றேகால் கிலோ எடையுள்ள குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். தாய் வேறொரு வார்டில் இருப்பாள். கொய்யாத் தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்த தகப்பன் மருந்துக்கடைக்கும் வார்டுக்குமாக நடந்துகொண்டிருப்பான். அவன் கையில் வரும் சீட்டுகளில் ஒன்றில் இப்போதெல்லாம் ‘புரோபயாடிக்’ இருக்க வாய்ப்புண்டு. குடலுக்கு நல்லது செய்யும் கிருமி என்று சொல்லிக் கொடுப்பார்கள். சின்னப் பொட்டலமாகவோ பிளாஸ்டிக் குப்பியாகவோ இருக்கும்.

அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது குழந்தையைக் காப்பாற்றுமா? கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பச்சிளம் குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு ஆராயப்பட்டும் இவ்வளவு வாதாடப்பட்டும் முடியாத கேள்விகள் மிகக் குறைவு. நம் கிராமங்களில் ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்றொரு நம்பிக்கை உண்டு. மருத்துவக் கணக்கு நேர் எதிரானது. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நுரையீரல் அப்படி, மூளை அப்படி, குடலும் அப்படியே. 2020-ல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

நிறைமாதத்தில், சுகப்பிரசவத்தில் பிறக்கும் குழந்தையின் குடலுக்குள் யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பது ஓரளவு தெளிவாகத் தெரியும். பிறப்பு வழியில் தாயின் கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு மார்பின் தோலிலிருந்தும் பாலிலிருந்தும் வருகின்றன. பச்சிளம் குழந்தையின் மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அங்கே உயிர்கள் குடியேறும் வரிசையை 1885-ல் முதலில் எழுதியவர் ஜெர்மானிய மருத்துவர் தியோடர் எஷரிக், ஈ.கோலை கிருமியின் பெயரில் வாழ்பவர். அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்றி டிஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இரு கிளையாகப் பிரிந்த வடிவமுள்ள ஒரு பாக்டீரியா நிறைந்திருப்பதைக் கண்டார். அதுதான் பிஃபிடோபாக்டீரியம்.

ஏன் அது மட்டும் அங்கே செழிக்கிறது என்பதற்கான விடை பிறகுதான் கிடைத்தது. தாய்ப்பாலில் லாக்டோஸும் கொழுப்பும் போக, அடுத்து அதிகமாக இருப்பது ஒருவகைச் சங்கிலிச் சர்க்கரைகள். குழந்தையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. தாயின் உடல் இவ்வளவு சிரமப்பட்டுச் செய்யும் ஒன்றைக் குழந்தை உண்ண முடியாதென்றால், அது யாருக்காக? பிஃபிடோபாக்டீரியத்துக்காக. குறிப்பாக ‘இன்ஃபான்டிஸ்’ என்ற வகைக்கு இந்தச் சர்க்கரைகளைப் பிரித்து உண்ணும் நொதிகள் முழுதாக உண்டு. உண்டு முடித்து அது வெளியிடும் அமிலங்கள் குடலைப் புளிப்பாக்குகின்றன. நோய்க்கிருமிகளுக்கு அந்தச் சூழல் ஒத்துவருவதில்லை. தாய் பால் கொடுக்கும்போது பிள்ளைக்கு ஒரு பங்கும், பிள்ளையின் காவலுக்கு ஒரு பங்குமாகக் கொடுக்கிறாள்.

குறைமாதக் குழந்தைக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. பலருக்கு அறுவைப் பிரசவம். பிறந்த அன்றே ஆன்டிபயாடிக். பால் உறிஞ்சத் தெரியாததால் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாய். தாயின் தோலுக்குப் பதில் இன்குபேட்டர். அங்கே முதலில் வந்து சேர்பவை மருத்துவமனையின் கிருமிகள். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வு, அவர்களில் 14.3 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் வந்ததாகச் சொன்னது. அதிகம் கண்டது அசினெட்டோபாக்டர், கிளெப்ஸியெல்லா, ஈ.கோலை. பல மருந்துகளுக்கும் அடங்காத ரகங்கள் அவற்றில் ஏராளம். நம் வார்டுகளில் குறைமாதக் குழந்தையின் குடலுக்குப் போட்டியிடும் குடியேறிகள் இவர்கள்.

இந்தக் கிருமிகள் முதிராத குடலில் பெருகும்போது வரும் நோய்களில் கொடியது குடல் திசு அழுகல். மருத்துவர்கள் என்.இ.சி. என்பார்கள். பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, பிறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, ‘இனிப் பயமில்லை, எடை ஏறுகிறது’ என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில் வரும். வயிறு உப்பும், குழாய் வழியே பச்சையாகப் பித்தநீர் திரும்பும், மலத்தில் ரத்தம் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் குடற்சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் இருக்கும். வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இறக்கிறார்கள். அறுவை செய்து குடலின் நீளம் குறைந்து பிழைப்பவர்களுக்குப் பல ஆண்டுப் பாடு மீதமிருக்கும்.

நல்ல கிருமியை முன்கூட்டியே குடியேற்றினால் இந்த நோயைத் தடுக்கலாம் என்று பெரிய அளவில் செய்து பார்த்தவர் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவர் ஆஞ்செலா ஓயோஸ். 1999-ல் வெளியான அவருடைய ஆய்வில், ஓராண்டில் வார்டுக்கு வந்த 1,237 குழந்தைகளுக்கும் லாக்டோபாசில்லஸ் அசிடோஃபிலஸும் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸும் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டின் 1,282 குழந்தைகளில் 85 பேருக்கு வந்த என்.இ.சி., அந்த ஆண்டு 34 பேருக்கு மட்டுமே வந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் முறை பலவீனமானதுதான். வார்டில் வேறென்ன மாறியது என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் அந்த எண் உலகெங்கும் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

நம் நாட்டில் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 186 குழந்தைகளை இரு பிரிவாக்கிச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். எல்லோரும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தவர்கள். நான்கு வகைப் பாக்டீரியாக் கலவை பெற்றவர்களில் என்.இ.சி. 5.5 சதவீதம், பெறாதவர்களில் 15.8. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,099 குழந்தைகளோடு நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் என்.இ.சி. 4.4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் முதன்மையாகத் தேடியது செப்சிஸ் குறைகிறதா என்பதை; அது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

பிறகு 2016-ல் இங்கிலாந்தின் முடிவு வந்தது. 31 வாரத்துக்குள் பிறந்த 1,310 குழந்தைகள்; பிஃபிடோபாக்டீரியம் ப்ரெவே என்ற ஒரே ரகம். என்.இ.சி. ஒரு பிரிவில் 9 சதவீதம், மற்றதில் 10. வித்தியாசம் ஏதுமில்லை. இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப நினைப்பது இன்னொரு காரணத்துக்காக. மருந்து கொடுக்கப்படாத குழந்தைகளின் மலத்தையும் சோதித்தார்கள். வீடு திரும்பும் வயது நெருங்கியபோது அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் குடலில் அதே ரகம் இருந்தது. பக்கத்துப் பெட்டிக் குழந்தைக்குக் கொடுத்த கிருமி, கைகள் வழியாகவும் கருவிகள் வழியாகவும் இந்தக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கை கழுவுதலில் பேர்பெற்ற இங்கிலாந்து வார்டுகளிலேயே இப்படி என்றால், ஒரே செவிலியர் பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் பிரிவுகளில் நல்ல கிருமி பயணிக்கும் அதே பாதையில் கிளெப்ஸியெல்லா எவ்வளவு எளிதாகப் பயணிக்கும்!

இப்படி உலகெங்கும் நடந்த 60 ஆய்வுகளை, 11,156 குழந்தைகளை, ஒன்றாகத் திரட்டி 2023-ல் காக்ரேன் மதிப்பாய்வு கூறியது: புரோபயாடிக் என்.இ.சி. அபாயத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கக்கூடும். ஆனால் சான்றின் உறுதி குறைவு. 28 வாரத்துக்கு முன்பு அல்லது ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கு, அதாவது அபாயம் மிக அதிகமானவர்களுக்கு, பயன் இருப்பதாகக் காட்டும் சான்று இல்லை என்றே சொல்லலாம். நம்பிக்கையும் தயக்கமும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும் மதிப்பாய்வு அது.

இந்தியாவில் இந்தப் பேச்சு எழுந்தாலே ஒடிசா ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். அது பெருமைக்குரிய ஆய்வு. மருத்துவர் பினாகி பாணிகிரஹியும் அவருடைய குழுவினரும் 149 கிராமங்களில் 4,556 குழந்தைகளுக்கு, பிறந்த சில நாட்களில் தொடங்கி ஏழு நாள் மட்டும், லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தையும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாக்டீரியாவும் அதன் உணவும் சேர்ந்த கலவைக்கு சின்பயாடிக் என்று பெயர். முதல் இரண்டு மாதத்தில் செப்சிஸ் அல்லது இறப்பு, வெறும் மாவு பெற்றவர்களில் 9 சதவீதம். கலவை பெற்றவர்களில் 5.4. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வை நிறுத்தினார்கள். 2017-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மூச்சுத்தொற்றும் குறைந்திருந்தது, குடலுக்குக் கொடுத்தது நுரையீரலைக் காத்திருக்கிறது என்பது இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் அந்தக் குழந்தைகள் யார் என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 35 வாரமோ அதற்கு மேலோ ஆனவர்கள். இரண்டு கிலோவாவது எடை உள்ளவர்கள். தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிவிட்டவர்கள். கிராமத்து வீட்டில் தாயோடு இருப்பவர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றேகால் கிலோவோடு கிடக்கும் ஆயக்குடிக் குழந்தை அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டிருக்கவே மாட்டாது. ஒடிசாவின் வெற்றியை இந்தக் குழந்தைக்கான சான்றாகக் காட்டுவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், தவறு. சின்பயாடிக்கைக் குறைமாதக் குழந்தைகளிடமே சோதித்த ஆய்வு நமக்கு அருகில், புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2016-ல் வெளிவந்தது. அதில் இருந்தவர்கள் 220 பேர். என்.இ.சி. போன்ற நோயில் உறுதியாக ஏதேனும் சொல்ல வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். தமிழ்நாட்டின் அரசு பச்சிளம் குழந்தைப் பிரிவுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் அந்த எண்ணிக்கை கிடைக்கும். இதுவரை ஏன் சேரவில்லை என்ற கேள்வியை நம் மருத்துவத் துறையிடம் கேட்கத்தான் வேண்டும்.

அடுத்த சிக்கல் பொட்டலத்துக்குள் இருக்கிறது. ஆயக்குடிச் சந்தையில் கொய்யா வாங்க வரும் வியாபாரி ‘கொய்யா’ என்று பொதுவாகக் கேட்டு விலை பேசுவதில்லை. எந்த ரகம், எந்தத் தோப்பு என்று பார்க்கிறார். பாக்டீரியாவிலும் பேர் ஒன்றாக இருந்தாலும் ரகம் மாறினால் குணம் மாறும். ஆய்வில் வென்றது ஒரு ரகம். நம் மருந்துக்கடை அலமாரியில் இருப்பது பெரும்பாலும் வேறு. இந்தியாவில் மிகப் பரவலாக விற்பவற்றில் ஒன்று பாசில்லஸ் கிளாசி. அதைக் குறைமாதக் குழந்தைகள் 244 பேரிடம் இந்தியாவிலேயே சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். குழாய்ப்பாலின் முழு அளவைச் சற்று முன்னதாக எட்டினார்கள், ஆனால் செப்சிஸ் குறையவில்லை. லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜெனஸ் என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படும் இன்னொன்று உண்மையில் லாக்டோபாசில்லஸ் இனமே இல்லை. அதை துருக்கியில் 221 குழந்தைகளிடம் சோதித்தபோது என்.இ.சி. குறையவில்லை. பெரியவர்களின் வயிற்றுப்போக்குக்கு இவை என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. ஒரு கிலோக் குழந்தையின் குடலைக் காக்கும் என்று நம்பி அவற்றை வாங்கச் சான்று இல்லை. ‘புரோபயாடிக்’ என்று மட்டும் எழுதிய சீட்டு, ‘மாத்திரை’ என்று மட்டும் எழுதிய சீட்டுக்குச் சமம்.

கெடுதல் இல்லையே, கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கெடுதல் அரிது, இல்லாததல்ல. 2014-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு குறைமாதக் குழந்தைக்குக் கொடுத்த பொடியில் பூஞ்சை கலந்திருந்தது, குழந்தை இறந்தது. அந்தப் பொடி அங்கே மருந்தாக அல்ல, துணை உணவாக விற்கப்பட்டது. மருந்துக்குரிய கிருமிநீக்கச் சோதனைகள் அதற்கு இல்லை. 2023-ல் இன்னொரு குழந்தையின் ரத்தத்தில் வளர்ந்த பிஃபிடோபாக்டீரியமும் அதற்குக் கொடுத்த சொட்டு மருந்தில் இருந்ததும் ஒன்றே என்று மரபணுச் சோதனை காட்டியது. அந்தக் குழந்தையும் இறந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. நிறுவனங்கள் அங்கே விற்பனையை நிறுத்தின. அங்குள்ள பச்சிளம் குழந்தை மருத்துவர்களிலேயே பலர் இதை எதிர்த்தார்கள்: ஒரு குழந்தையைக் கொன்ற அபாயத்தைப் பார்க்கும் நாம், என்.இ.சி.யால் போகும் குழந்தைகளைக் கணக்கில் வைக்கிறோமா என்று கேட்டார்கள். இரு பக்கமும் குழந்தைகளின் பக்கம் நின்றே பேசுகின்றன. அதனால்தான் இந்த வாதம் எளிதில் தீரவில்லை.

வழிகாட்டுதல்களும் ஒரே குரலில் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-ல், எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதை ஏற்கவில்லை. குறிப்பாக ஒரு கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு. ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவச் சங்கம் 2020-ல், ரகத்தின் பெயர் சொல்லி, நிபந்தனையோடு சிலவற்றைப் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்டதில் இப்படி இருக்கிறது: 32 வாரத்துக்குள் பிறந்து மனிதப்பால் பெறும் குழந்தைகளுக்குப் புரோபயாடிக்கைப் பரிசீலிக்கலாம். ‘மனிதப்பால் பெறும்’ என்ற அந்த நிபந்தனையை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் இந்த நோய்க்கு எதிராக மிக உறுதியான சான்று உள்ளது பாலுக்குத்தான். 1990-ல் ஆலன் லூகாஸும் டி.ஜே. கோலும் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்து எழுதினார்கள்: பவுடர் பால் மட்டுமே பெற்றவர்களுக்கு என்.இ.சி., தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்களைவிட ஆறு முதல் பத்து மடங்கு அதிகம். எந்தப் பொட்டலமும் இந்த அளவை நெருங்கவில்லை. பவுடர் பாலைப் புகட்டிவிட்டு மேலே நல்ல கிருமியைத் தூவுவது, அதற்குரிய உணவை மறுத்துவிட்டுக் காவலாளியை மட்டும் அனுப்பும் வேலை.

இங்கே நம் வீட்டுப் பழக்கங்களையும் பேசாமல் இருக்க முடியாது. குழந்தை பிறந்ததும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவது, நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தெருவில் கழுதைப்பால் சங்கில் ஊற்றிக் கொடுக்க வருபவர்களும் இருக்கிறார்கள். பாசத்தால் செய்யும் காரியங்கள் இவை. அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முதிராத குடலுக்குள் போகும் காய்ச்சாத பாலும் தேனும் யாருடைய கிருமிகளைக் கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறைமாதக் குழந்தை வீடு திரும்பிய பிறகும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தயிர், நீராகாரம் ஆகியவற்றில் நல்ல கிருமி இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது.

தாய்க்கு முதல் சில நாள் பால் சுரக்காமல் இருக்கலாம். அப்போதும் சில துளிச் சீம்பாலைப் பிழிந்து எடுத்துக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவச் செவிலியர்கள் உதவுவார்கள். அதுவும் போதாதபோதுதான் தாய்ப்பால் வங்கி. இந்தியாவின் முதல் வங்கியை 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியவர் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ். தமிழ்நாட்டில் 2014-ல் அரசே முன்வந்து சில பெரிய மருத்துவமனைகளில் தொடங்கியது. தானமாக வரும் பாலைப் பதப்படுத்தும்போது அதிலுள்ள உயிர்க்கிருமிகள் அழிந்துவிடும். சங்கிலிச் சர்க்கரைகள் அழிவதில்லை. வங்கிப்பால் குடிக்கும் குழந்தைக்கு வெளியிலிருந்து பாக்டீரியா கொடுப்பதில் அர்த்தம் கூடுவது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். விருந்து தயார், உண்ண வேண்டியவர் மட்டும் வரவில்லை.

தாயின் கிருமிகளைக் குழந்தைக்குச் சேர்க்கச் செலவில்லாத வழி ஒன்றும் உண்டு: தோலோடு தோல் சேர்த்து மார்பில் கட்டிக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு. 1978-ல் அதைத் தொடங்கிய இடமும் பொகோட்டாதான். இன்குபேட்டர்கள் போதாமல் எட்கார் ரே சனாப்ரியா கண்ட வழி. இந்தியாவின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து 3,211 குழந்தைகளோடு நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், உடல்நிலை நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்ததுமே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியபோது, 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆனது. அதற்குத் தாய் வேறொரு வார்டில் இருக்கக் கூடாது. குழந்தைப் பிரிவுக்குள்ளேயே அவளுக்கு ஒரு கட்டில் வேண்டும். பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்கு அனுப்பும்போது குழந்தையை ஒரு வண்டியிலும் தாயை மறுநாளும் அனுப்பும் நிலை வரவே கூடாது.

இவ்வளவும் சரியாக நடக்கும் பிரிவில், 32 வாரத்துக்குள் பிறந்து மனிதப்பால் பெறும் குழந்தைக்குச் சான்றுள்ள ரகத்தைக் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். அதை வாங்கும் பொறுப்பு மட்டும் தகப்பனின் தலையில் விழக் கூடாது. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, தொகுதி தொகுதியாக ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே விநியோகிக்கிறது. பாக்டீரியாவுக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும். ரகத்தின் முழுப் பெயர் லேபிளில் இருக்க வேண்டும். 2011-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட வழிகாட்டுதலே ரகத்தை அடையாளப்படுத்தக் கோருகிறது. தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கையை மட்டும் போடாமல், காலாவதி நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று சொல்ல வேண்டும். வேறு கிருமியோ பூஞ்சையோ இல்லை என்ற சான்று ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும். குளிரில் வைக்க வேண்டிய ரகமானால், கிடங்கிலிருந்து வார்டுவரை, சித்திரை வெயிலில் மின்சாரம் போகும் நேரத்திலும், குளிர் அறுபடக் கூடாது. கொடுக்கப்படும் குழந்தைக்குச் செப்சிஸ் வந்தால், ரத்தத்தில் வளர்வது கொடுத்த அதே கிருமிதானா என்று கண்டுபிடிக்கும் வசதி மாவட்ட ஆய்வகத்துக்கு இருக்க வேண்டும். அந்த வசதி வரும்வரை அந்த மாவட்டத்தில் தொடங்காமல் இருப்பதே நல்லது.